அமெரிக்கப் படைவீரரின் இறுதி ஊர்வலத்தில் பைக்கோடு துணை நிற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இருப்பவர்கள் இதை ஒருமுறையாவது சாலையில் பார்த்திருப்பீர்கள். முன்னால் போலீஸ் வண்டி, அடுத்து இரண்டு வரிசையாகப் பெரிய பெரிய பைக்குகள், ஒவ்வொன்றின் பின்னாலும் படபடக்கும் கொடி, அதற்குப் பின்னால் அமரர் ஊர்தி. தோல் ஜாக்கெட்டையும் தாடியையும் பார்த்துவிட்டு ஏதோ பைக் கும்பல் என்று நம்மவர்கள் ஒதுங்கிப் போவதுண்டு. பெரும்பாலும் அவர்கள் பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பினராக இருப்பார்கள். அஞ்சல் ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியர், லாரி ஓட்டுநர், கணக்கர் என்று எல்லா வகையினரும் அதில் உண்டு. நீங்களும் போகலாம். ராணுவத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை, சந்தா கிடையாது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பைக்கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் வைக்கும் ஒரே நிபந்தனை மரியாதை.

ஆனால் அந்த மரியாதைக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆர்வத்தோடு முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் பைக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் நிற்பதுதான், அதுவும் பேசாமல் நிற்பது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், இது ஏன் தொடங்கியது

கன்சாஸ் மாநிலம் டொபீகா நகரில் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச் என்று ஒரு சின்ன சபை. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் அதை நிறுவிய, 2014-இல் மறைந்த போதகர் பிரெட் பெல்ப்ஸின் குடும்பத்தாரே. ஓரினச்சேர்க்கையை அமெரிக்கா சகித்துக்கொள்வதால்தான் கடவுள் அதன் வீரர்களைச் சாகடிக்கிறார் என்பது இவர்கள் பிரசாரம். 2005-இல் ஈராக்கிலிருந்து உடல்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், அடக்கம் நடக்கும் இடங்களுக்கு வெளியே பதாகை பிடித்துக் கத்தத் தொடங்கினார்கள். முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனுக்கு அமெரிக்கன் லீஜன் ரைடர்ஸ் என்று ஒரு பைக் பிரிவு உண்டு; கன்சாஸிலேயே மல்வேன் என்ற ஊரில் இருந்த அதன் கிளைக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. கொடிகளோடு போய், துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கும் கத்துகிறவர்களுக்கும் நடுவில் நின்றார்கள். யாரையும் தொடவில்லை, திட்டவில்லை. பார்வையை மறைத்தார்கள், எஞ்சின் சத்தத்தால் கத்தலை அமுக்கினார்கள், அவ்வளவுதான். இந்த யோசனை மற்ற மாநிலங்களுக்குப் பரவி, அதே ஆண்டில் பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ் என்ற தனி அமைப்பு உருவானது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். 2006-இல் வந்த சட்டம், படைவீரர்களுக்கென்று அரசு நடத்தும் தேசியக் கல்லறைகளின் வாசலிலிருந்து 300 அடிக்குள், நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் போராடக் கூடாது என்றது. 2012-இல் அந்த நேரத்தை இரண்டு மணி நேரமாக நீட்டினார்கள். இடையில் 2011-இல், ஸ்னைடர் எதிர் பெல்ப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. மேரிலாந்தில் மகனை அடக்கம் செய்த ஒரு தந்தை போட்ட வழக்கு அது. பொது இடத்தில், பொது விஷயத்தைப் பற்றி, காவல்துறை சொன்ன தூரத்தில் நின்று பேசுவது எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் பேச்சுரிமைக்குள் வரும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, தூரத்தைத்தான் சட்டத்தால் வரையறுக்க முடியும், வாயை மூட முடியாது. கொடி வரிசைக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

இன்றைக்குப் போகும் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் எதிர்ப்பாளர்கள் யாரும் இருப்பதில்லை. கொரியா, வியட்நாம் போர்க்காலத்து முதியவர்களின் அடக்கங்கள்தான் அதிகம். பிள்ளைகள் வேறு வேறு மாநிலங்களில் இருப்பார்கள், நண்பர்களில் பாதிப்பேர் போயிருப்பார்கள். அந்த இடத்தில் முப்பது பேர் கொடியோடு வந்து நிற்பது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.

குடும்பம் கேட்டால் மட்டுமே

இந்த ஒரு விதியை மறந்தால் மற்றதெல்லாம் வீண். குடும்பத்தின் அழைப்பு இல்லாமல் யாரும் போவதில்லை. பெரும்பாலும் அடக்க ஏற்பாடு செய்யும் பியூனரல் ஹோம்காரர் குடும்பத்திடம் கேட்டுவிட்டு மாநிலப் பொறுப்பாளருக்குத் தகவல் தருவார். குடும்பமே நேரடியாகவும் கேட்கலாம். "தேவாலயத்தில் மட்டும் நில்லுங்கள், கல்லறைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதோடு சரி. "பைக் சத்தம் வேண்டாம்" என்றால் எல்லோரும் காரில் போவார்கள்.

அழைப்பு கிடைத்ததும் அந்த நிகழ்ச்சிக்கென்று ஒரு ரைடு கேப்டன் நியமிக்கப்படுவார். அன்றைக்கு அவர் சொல்வதுதான் சட்டம். அமைப்பின் இணையதளத்தில் உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துவிட்டால் அறிவிப்புகள் வந்துவிடும். இவர்கள் பேச்சில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு மிஷன். அறிவிப்பில் மறைந்தவரின் பெயர், எந்தப் படை, எங்கே கூடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் கேப்டன், கொடி தருவார்களா நாமே கொண்டுவர வேண்டுமா என்பதெல்லாம் இருக்கும். கே.எஸ்.யு. (கிக்ஸ்டாண்ட்ஸ் அப்) 9:30 என்று போட்டிருந்தால் ஒன்பதரைக்கு வந்து சேர்வது என்று அர்த்தமல்ல. ஒன்பதரைக்கு சைடு ஸ்டாண்டை எடுத்து வண்டி நகர்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

முதல் தடவை காரில் போங்கள் என்பதுதான் என் கருத்து. பைக் ஓட்டிகளின் பேச்சில் காருக்குக் கூண்டு என்று பெயர், கிண்டல் செய்வார்கள், சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஊர்வலம் எப்படி நகர்கிறது, கேப்டன் எப்போது என்ன சொல்கிறார், கொடியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த தடவை பைக்கில் பதற்றமில்லாமல் இருக்கும்.

வண்டி

பைக் ஓட்ட எம் வகுப்பு உரிமம் வேண்டும், கார் உரிமத்தை வைத்துச் சமாளிக்க முடியாது. ஹெல்மெட் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்குக் கட்டாயமே இல்லை. சட்டம் என்ன சொன்னாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அடக்கத்துக்குப் போய் இன்னொரு அடக்கத்துக்கு வழி செய்துவிடக் கூடாது.

கூடும் இடத்துக்கு வருவதற்கு முன்பே டேங்கை நிரப்பிவிடுங்கள். அமரர் ஊர்தி கிளம்பிவிட்டால் யாருக்காகவும் ஊர்வலம் பெட்ரோல் பங்கில் நிற்காது. கோல்டு விங் போல டேங்க் பெரிதாக உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. சின்ன டேங்க் உள்ள ஸ்போர்ட்ஸ்டர் வகை வண்டிகள் நூறு மைலுக்கே திணறும், தேசியக் கல்லறை பல ஊர்களில் அதைவிடத் தொலைவில் இருக்கிறது.

அடுத்தது வேகம். நெடுஞ்சாலையில் வழக்கமான வேகத்தைவிடக் குறைத்துத்தான் போவார்கள், கல்லறைக்குள் நுழைந்ததும் ஊர்ந்து போக வேண்டியிருக்கும். காற்றில் குளிரும் வகை எஞ்சின் கோடை வெயிலில் அப்படி ஊர்ந்தால் தொடையைச் சுட்டுவிடும், கிளட்ச் பிடித்த கையும் மரத்துப்போகும். மெதுவாக ஓட்டப் பழகாதவர்கள் ஒரு காலி பார்க்கிங்கில் நடை வேகத்தில் எட்டு போட்டுப் பழகிவிட்டு வருவது நல்லது. அங்கே நூறு பேர் கண்ணெதிரே 350 கிலோ வண்டியைச் சாய்த்துவிட்டால், துக்க வீட்டில் எல்லார் கவனமும் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

கல்லறைச் சாலையோரப் புல்தரையிலும் வெயிலில் இளகிய தாரிலும் சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதையும். தட்டையான ஒரு பிளாஸ்டிக் வில்லை ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தால் போதும். பழைய ஆட்கள் எல்லோருடைய பையிலும் ஒன்று இருக்கும். இல்லையென்றால் நசுக்கிய சோடா டப்பாவும் வேலைக்கு ஆகும்.

பைக்கில் கட்டும் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலைக் காற்றில் மலிவான கொடி வெளி ஓரத்திலிருந்து நார் நாராகப் பிரியும். கிழிந்த கொடியைக் கட்டிக்கொண்டு வந்தால் கேப்டன் கழற்றச் சொல்வார், அது சரிதான். கம்பம் வண்டியின் சட்டத்தோடு நட்டு போட்டு இறுகியிருக்க வேண்டும். பின்னால் வருகிறவர் முகத்தில் கம்பம் பறந்து வந்து விழுவதைவிட, கொடியில்லாமல் வருவது மேல்.

உடை

ஜீன்ஸ், பூட்ஸ், பேட்ச் தைத்த வெஸ்ட் எல்லாம் சரி. கட்சிச் சின்னம், தேர்தல் வாசகம், கெட்ட வார்த்தை உள்ள பேட்ச் எதுவும் கூடாது. வலது, இடது என்று எல்லாக் கட்சிக்காரர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். போர் சரியா தப்பா என்ற விவாதத்துக்கும் அங்கே இடமில்லை. பூட்ஸ் வசதியாக இருக்கட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நிற்கப் போகிறீர்கள். மத்திய மாநிலங்களின் ஜனவரிக் குளிரில் கையுறை இல்லாமல் உலோகக் கம்பத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூடும் இடத்தில்

வந்ததும் கேப்டனிடம் முகத்தைக் காட்டுங்கள். புதியவர் என்று சொல்லிவிட்டால் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துவிடுவார். கிளம்பும் முன் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி வழி, வரிசை, சைகைகள் பற்றிச் சொல்வார்கள். மறைந்தவரைப் பற்றியும் இரண்டு வரி சொல்வார்கள். பல இடங்களில் ஒரு சின்னப் பிரார்த்தனையும் இருக்கும். கலந்துகொள்ள விருப்பமில்லாதவர்கள் தலை குனிந்து நின்றால் போதும்.

சாலையில் இரட்டை வரிசையாக, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அல்லாமல் முன்பின்னாகப் போவார்கள். உங்களுக்கு நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து இரண்டு நொடி இடைவெளி, குறுக்காக முன்னால் இருப்பவரிடமிருந்து ஒரு நொடி. கடைசியில் அனுபவசாலி ஒருவர் வருவார், யாருக்காவது வண்டி நின்றுவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் நிற்க வேண்டாம்.

சந்திப்புகளில் குறுக்கே பைக்கை நிறுத்திப் போக்குவரத்தைத் தடுக்கும் ஆசை சிலருக்கு வரும். செய்யாதீர்கள். ஊர்வலத்துக்கு வழி விடுவது பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தடுக்கும் அதிகாரம் போலீசுக்கு, உங்களுக்கு இல்லை. போலீஸ் கை காட்டாத வரை சிவப்பு விளக்கென்றால் நிற்க வேண்டும். ஊர்வலம் அறுந்துபோனாலும் கல்லறையில் சேர்ந்துகொள்ளலாம். அப்புறம், திராட்டிலை முறுக்கி உறுமவிடுவது அறவே கூடாது. ஆரம்ப நாட்களில் எதிர்ப்பாளர்களின் சத்தத்தை அமுக்க அப்படிச் செய்தார்கள். இன்றைக்கு அமரர் ஊர்திக்குப் பக்கத்தில் யாராவது செய்தால் எரிச்சல்தான் வரும்.

கொடி வரிசை

இதுதான் முக்கியமான பகுதி. தேவாலயம் அல்லது பியூனரல் ஹோம் வாசலின் இரு பக்கமும், ஊர்தியிலிருந்து கதவு வரை, கொடியோடு வரிசையாக நிற்பீர்கள். குடும்பம் அதன் நடுவே நடந்து போகும்.

கம்பத்தின் அடியை வலது பூட்ஸின் பக்கத்தில் தரையில் ஊன்றி, கம்பத்தை நேராக வைத்துக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது அவசியம். துணி பாதைக்குள் வீசினால், நடந்து வரும் விதவையின் முகத்தில் போய்ப் படும். அப்படி இருந்தால் கொடியின் நுனியைச் சேர்த்து, கம்பத்தோடு ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பலத்த காற்றில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள், அதில் அவமரியாதை ஒன்றுமில்லை. கொடி தரையில் படக் கூடாது. யாருக்காகவும் அமெரிக்கக் கொடியைச் சாய்த்து வணங்குவதும் கிடையாது.

முட்டியை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து மயக்கம் வரும், வெயிலில் இது அடிக்கடி நடக்கிறது. முட்டியை லேசாகத் தளர்த்தி, பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்காருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேப்டன் தணிந்த குரலில் கட்டளை தருவார். சவப்பெட்டி கடக்கும்போது எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். கையில் கொடி இருப்பவர் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை, கொடியை நேராகப் பிடிப்பதே மரியாதை. கொடி இல்லாத முன்னாள் படையினர் சல்யூட் வைக்கலாம், சாதாரண உடையில் இருந்தாலும் அதற்குச் சட்டம் இடம் தருகிறது. பொதுமக்கள் வலக்கையை நெஞ்சில் வைப்பார்கள். நம்மில் பலர் எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள். வேற்று நாட்டுக் குடிமக்கள் நிமிர்ந்து நின்றாலே போதும் என்று அமெரிக்கக் கொடிச் சட்டமே சொல்கிறது.

துக்க வீட்டில் கையைப் பிடித்து, எப்படி ஆனது, எப்போது ஆனது என்று விசாரிப்பது நம் பழக்கம். இங்கே அது வேண்டாம். குடும்பத்தார் தாங்களாகவே வந்து பேசினால் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். செல்போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். படம் எடுக்கக் குடும்பம் அனுமதித்திருந்தால் அதற்கென்று ஒருவரை கேப்டன் நியமித்திருப்பார்.

எதிர்ப்பாளர்கள் வந்தால் செய்ய வேண்டியது இன்னும் எளிது: அவர்களுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கொடிகளை நெருக்கிப் பிடித்தால் குடும்பத்தின் பார்வையில் பதாகை படாது. ஒரு வார்த்தைகூடப் பதில் பேசாதீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பதே கோபத்தைத்தான். யாராவது கை வைத்துவிட்டால் அதை வைத்து வழக்குப் போடுவார்கள்.

கல்லறையில்

தேசியக் கல்லறைகளில் பொதுவாகக் குழியருகே சடங்கு நடப்பதில்லை. கூரை போட்ட ஒரு மண்டபத்தில் சுமார் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்த குடும்பம் காத்திருக்கும். அதனால்தான் நேரத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள்.

ராணுவ மரியாதை வேறு, நீங்கள் செய்வது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் படைவீரருக்கும், குடும்பம் கேட்டால், சீருடையில் குறைந்தது இரண்டு பேர் வந்து கொடியை மடித்துக் கொடுத்து, பியூகிள் என்ற ஊதுகொம்பில் டாப்ஸ் என்ற விடைகொடுக்கும் மெட்டை இசைக்க வேண்டும் என்பது 2000-ஆவது ஆண்டிலிருந்து சட்டம். அந்த இருவரில் ஒருவராவது மறைந்தவர் பணியாற்றிய படையைச் சேர்ந்தவராக இருப்பார். துப்பாக்கி வேட்டும் இருந்தால் மூன்று முறை சுடுவார்கள். ஏழு பேர் மூன்று முறை சுடுவதைப் பார்த்துவிட்டு 21 குண்டு மரியாதை என்று பலர் சொல்வது தவறு, அது பீரங்கியில் செய்வது, வேறு ஆட்களுக்கு. முதல் வேட்டுக்கு உடம்பு தூக்கிப் போடும், கம்பத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவர் போருக்குப் போய் வந்தவராக இருக்கலாம். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்வதாக நினைத்துத் தோளில் தட்டாதீர்கள்.

டாப்ஸ் 24 சுரம்தான். உள்நாட்டுப் போரின்போது 1862-இல் வர்ஜீனியாவில் ஜெனரல் டேனியல் பட்டர்பீல்டின் முகாமில் உருவானது. இசைக்க ஆள் கிடைக்காத இடங்களில், பியூகிளுக்குள் ஒலிக்கருவி வைத்து, வீரர் வாயில் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்க வேண்டாம்.

கொடி மடிப்பதை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். சவப்பெட்டி மேல் போர்த்தும் கொடி 5 அடிக்கு 9.5 அடி, நீங்கள் பிடித்திருப்பதைவிட மிகப் பெரியது. நட்சத்திரம் உள்ள நீலப் பகுதி மறைந்தவரின் தலைமாட்டில், இடது தோள் பக்கம் இருக்கும். நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, பிறகு கோடுகள் உள்ள முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகச் சுருட்டிக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையின் ஓரத்தால் நீவிவிடுவார்கள். கடைசியில் மிஞ்சும் துணியை உள்ளே செருகியதும் சிவப்பு எங்கேயும் தெரியக் கூடாது, நீலமும் நட்சத்திரமும் மட்டும்தான். எங்கேயாவது சிவப்பு எட்டிப்பார்த்தால் அவசரமில்லாமல் சரி செய்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

உங்கள் வீட்டிலேயே தேவைப்பட்டால்

கிரீன் கார்டு இருந்தாலே அமெரிக்கப் படையில் சேரலாம் என்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது தூரத்து விஷயமில்லை. கையில் இருக்க வேண்டிய முக்கியமான காகிதம் டிடி-214 என்ற பணிவிடுப்புச் சான்று. தகுதியுள்ளவருக்கு அது இருந்தால் ராணுவ மரியாதை, தேசியக் கல்லறையில் இடம், கல்லறைக் கல், கொடி எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. தகனம் செய்தாலும் இதெல்லாம் உண்டு. அஸ்திக் கலசத்தின் மேல் கொடியைப் போர்த்த மாட்டார்கள், மடித்த கொடியைப் பக்கத்தில் வைப்பார்கள். கல்லில் பொறிக்க அனுமதிக்கப்பட்ட மதச் சின்னங்களில் ஓம் இருக்கிறது. ரைடர்ஸ் வர வேண்டுமென்றால் பியூனரல் ஹோமில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்களுக்கு இது பழக்கமான வேலை. பணம் கொடுக்க முயலாதீர்கள், வாங்க மாட்டார்கள்.

முடிந்த பிறகு

குடும்பம் கிளம்பும்வரை வரிசை கலையாது. கேப்டன் கலையச் சொன்னதும் கொடியைச் சுற்றி, கொடி கொண்டுவந்த வண்டியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் கிளம்புங்கள். குடும்பம் சாப்பிடக் கூப்பிட்டால் போகலாமா என்பதைக் கேப்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடியும்வரை மது கூடாது, முந்தின இரவு அதிகம் குடித்தவர்களும் வராமல் இருப்பது நல்லது.

தொடர்ந்து போக நினைப்பவர்கள், யாருமில்லாமல் இறந்த வீரர்களின் அடக்கங்களை முதலில் தேர்ந்தெடுங்கள். யாரும் வாங்காமல் பியூனரல் ஹோம் அலமாரிகளில் வருடக்கணக்கில் கிடக்கும் அஸ்திகளில் படைவீரர்களுடையவற்றை அடையாளம் கண்டு அடக்கம் செய்ய, மிஸ்ஸிங் இன் அமெரிக்கா புராஜெக்ட் என்ற அமைப்பு 2007-இலிருந்து வேலை செய்கிறது. அந்த அஸ்திகளுக்கும் பைக்குகள் துணை போகும். அங்கே கொடியை வாங்கிக்கொள்ளக் குடும்பம் இருக்காது, வந்திருப்பவர்களில் ஒருவர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தேசியக் கல்லறைகளில் சனி, ஞாயிறுகளில் பொதுவாக அடக்கம் கிடையாது. அதனால் இவையெல்லாம் வேலை நாள் காலையில்தான் வரும், ஆள் சேர்வதும் அப்போதுதான் கஷ்டம். வருடத்துக்கு ஒரு நாள் அலுவலகத்தில் லீவு போட முடிந்தால், எந்த நாள் என்று உங்கள் ஊர் கேப்டனைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.